காலனி என்னும் சொல்

ஆகஸ்டு மாதம் பிறந்து ஒரு வாரம் ஆகியிருந்தது. சனி, ஞாயிறு இரண்டு நாள் விடுப்பில் நாங்கள் பனமலைக்குச் சென்றிருந்தோம். திண்டிவனத்தில் குடியேறி இருபது ஆண்டுகள் ஆகிவிட்டன. எனினும் ஊர் என்றால் எங்களுக்குப் பனமலைதான். ஏரிக்கரை மேல் நடந்து மலையின் தோற்றம் கண்ணில் பட்ட பிறகே வந்து சேர்ந்த உணர்வு உண்டாகும். இம்முறை உடன்பிறந்தோர் மூவரும் குடும்பத்தோடு ஒன்றாகச் சென்றதற்குக் காரணம் இருந்தது. தந்தையார் மறைந்து ஓராண்டு நிறையப் போகிறது. அவர் நினைவாக ஊருக்கு ஏதேனும் செய்வது குறித்துப் பேசி முடிவெடுக்க எண்ணியிருந்தோம்.

தம்பி மகள் ஐந்தாம் வகுப்பு படிக்கிறாள். விடுதலை நாள் விழாவில் மூன்று நிமிடம் பேச வேண்டும் என்று அவளுடைய ஆசிரியை சொல்லியிருக்கிறார். தலைப்பு, நம் முன்னோர் ஏன் விடுதலை கேட்டனர் என்பது. கல்லூரியில் தமிழ் நடத்தும் பெரியப்பா வருகிறார், அவர் எழுதித் தருவார் என்று வீட்டில் முன்கூட்டியே வாக்களிக்கப்பட்டிருந்தது. நாங்கள் காலைப் பலகாரத்துக்கு உட்கார்ந்தபோது பாடநூலோடு வந்து நின்றாள்.

"பெரியப்பா, இந்தியா பிரிட்டனோட காலனியா இருந்துச்சுன்னு போட்டிருக்கு. அப்ப நாம எல்லாருமே காலனியிலதான் இருந்தோமா?"

வீட்டிலிருந்த பெரியவர்கள் அனைவரும் சிரித்துவிட்டோம். சிரிப்பு அடங்கியபோது ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க முடியவில்லை. எங்கள் பகுதி ஊர்களில் காலனி என்ற சொல்லுக்கு என்ன பொருள் என்று விளக்கத் தேவையில்லை. ஊர் என்று ஒன்று, ஊருக்கு அப்பால் காலனி என்று ஒன்று. குழந்தை அச்சொல்லை அந்த ஒரே பொருளில்தான் அறிந்திருக்கிறாள். அவள் கேட்டது பிழையான கேள்வி அன்று. எங்கள் சிரிப்புத்தான் பிழை.

அவளுக்கு இரண்டாவது கேள்வியும் இருந்தது. "அவங்கதானே ரயில் விட்டாங்க, ரோடு போட்டாங்க, பெரிய பெரிய ஆஸ்பத்திரி கட்டினாங்க. நல்லாத்தானே செஞ்சிருக்காங்க? அப்புறம் எதுக்குப் போகச் சொன்னோம்?"

முதுகலை மாணவர்கள்கூட இத்தனை நேராக இதைக் கேட்டதில்லை. விடுதலைப் போராட்டக் காலத்துக் கவிதைகளை ஆண்டுதோறும் வகுப்பில் நடத்துகிறோம். உணர்ச்சி, உவமை, யாப்பு எல்லாம் விளக்குகிறோம். ஏன் கேட்டார்கள் என்ற அடிப்படையை யாரும் கேட்பதில்லை. நாங்களும் சொல்வதில்லை. வெயில் தாழ்ந்ததும் மலைமேல் சென்று பேசலாம் என்று அவளிடம் கூறினோம். உண்மையில் அது விடையைத் தேட நாங்கள் கேட்டுக்கொண்ட அவகாசம்.

பனமலைத் தாளகிரீசுவரர் கோயில் இராசசிம்ம பல்லவன் எடுப்பித்தது என்பதை வாசகர்கள் பலர் அறிந்திருப்பர். காஞ்சிக் கைலாசநாதர் கோயிலைக் கட்டிய அதே மன்னன். கருவறையை ஒட்டிய சிற்றறை ஒன்றின் சுவரில் இறைவியின் ஓவியம் எஞ்சியிருக்கிறது. பெரும்பகுதி உதிர்ந்தும் அந்தக் குடையும் முடியும் சாய்ந்த முகமும் ஆயிரத்து முந்நூறு ஆண்டுகளாக அங்கிருக்கின்றன. சிறு வயதில் அவ்வறையில் விளையாடியிருக்கிறோம். அதன் அருமை கல்லூரிக்குச் சென்று நூல்களில் படித்த பிறகே தெரிந்தது.

கோயிலுக்கு வெளியே பாறையில் அமர்ந்து செஞ்சி இருக்கும் திசையைக் காட்டினோம். அங்கிருந்தே கதையைத் தொடங்கினோம்.

1690ஆம் ஆண்டு. சிவாஜியின் மகன் இராஜாராம் செஞ்சிக் கோட்டையில் இருந்தார். முகலாயப் படை வந்து முற்றுகையிட்ட காலம் அது. போருக்குப் பணம் வேண்டும். கடலூர் அருகே தேவனாம்பட்டினத்தில் மராட்டியர்வசம் ஒரு கோட்டை இருந்தது. சென்னையிலிருந்த ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பெனி அதை விலைக்குக் கேட்டது. விலை பேசி முடிந்தது. கோட்டை மட்டுமன்று, கோட்டையைச் சுற்றி ஒரு பீரங்கிக் குண்டு சென்று விழும் தொலைவுக்குட்பட்ட நிலமும் கம்பெனிக்கு என்பது ஒப்பந்தம். கம்பெனியார் பீரங்கியைச் சுட்டனர். குண்டு விழுந்த எல்லைக்குள் இருந்த ஊர்களெல்லாம் அவர்களுடையவை ஆயின. கடலூர்ப் பக்கத்தில் அவற்றுக்குக் குண்டு கிராமங்கள் என்றே பெயர். அக்கோட்டைக்குப் புனித டேவிட் கோட்டை என்று பெயர் சூட்டினர்.

குழந்தை வியப்போடு கேட்டுக்கொண்டிருந்தாள். பிறகு கேட்டாள். "அந்த ஊர்ல இருந்தவங்களைக் கேட்டாங்களா?"

இல்லை. விற்றவர் கேட்கவில்லை, வாங்கியவரும் கேட்கவில்லை. அன்று காலை உழவுக்குச் சென்றவன் மாலை வீடு திரும்பும்போது வேறொருவருக்கு வரி செலுத்த வேண்டியவனாக இருந்தான். அவன் பெயர் எந்த ஆவணத்திலும் இல்லை. அவள் கேட்ட அந்தக் கேள்வியே நாங்கள் தேடிய விடை என்று அப்போது எங்களுக்குத் தோன்றியது. நம்மைப் பற்றிய முடிவில் நம்மைக் கேட்டார்களா? விடுதலை கேட்டவர்கள் அனைவரும் வெவ்வேறு சொற்களில் கேட்டது இதைத்தான்.

"சரி பெரியப்பா, ஆனா நல்லது செஞ்சா?" என்று அவள் விடவில்லை. குழந்தைகளிடம் இதுதான் தொல்லை. ஒரு விடையோடு எழுந்துபோக விடமாட்டார்கள்.

அதற்கு அமெரிக்காவின் கதையைச் சொன்னோம். தேவனாம்பட்டினம் கோட்டையை வாங்கியபோது சென்னையில் ஆளுநராக இருந்தவர் எலிஹு யேல். இங்கே சேர்த்த செல்வத்திலிருந்து அவர் அளித்த கொடைக்காக அமெரிக்காவில் ஒரு கல்லூரிக்கு 1718இல் அவர் பெயரைச் சூட்டினர். இன்றைய யேல் பல்கலைக்கழகம் அதுவே. அன்று அமெரிக்காவின் பதின்மூன்று குடியேற்றங்களும் பிரிட்டனின் காலனிகள். அங்கிருந்தோரில் பெரும்பாலோர் பிரிட்டனிலிருந்து சென்று குடியேறியவர்களும் அவர்கள் வழியினரும். அதாவது ஆண்டவனும் ஆளப்பட்டவனும் ஒரே மொழி பேசினர், ஒரே வேதத்தை ஓதினர். அப்படியிருந்தும் ஏன் பிரிந்தனர்?

1765இல் பத்திரங்களுக்கும் செய்தித்தாள்களுக்கும் முத்திரை வரி விதித்தது இலண்டன் பாராளுமன்றம். எங்கள் பேராளர் ஒருவர்கூட உங்கள் மன்றத்தில் இல்லை, எங்களைக் கேளாமல் எங்கள் மீது வரி விதிப்பது எப்படி என்று அவர்கள் எதிர்த்தனர். அவ்வரி நீங்கியது. 1773இல் தேயிலைச் சட்டம் வந்தது. நம்மை ஆண்ட அதே கிழக்கிந்தியக் கம்பெனி அப்போது கடனில் மூழ்கியிருந்தது. அதைக் கரையேற்ற, அதன் தேயிலையை நேரடியாக அமெரிக்காவில் விற்க வழிசெய்த சட்டம் அது. இதில் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. அச்சட்டத்தால் தேயிலையின் விலை குறைந்தது, கூடவில்லை. ஆனால் பழைய தேயிலை வரி மட்டும் அப்படியே இருந்தது. அவ்வாண்டு டிசம்பர் 16ஆம் நாள் இரவு, பாஸ்டன் துறைமுகத்தில் நின்ற கப்பல்களிலிருந்து 342 பெட்டித் தேயிலையைக் கடலில் கொட்டினர். 1776இல் விடுதலை அறிவித்தனர்.

"கம்மி வெலைக்குக் குடுத்தும் கொட்டிட்டாங்களா?" என்றாள்.

ஆம். மலிவாகக் கொடுத்தும் கொட்டினர். அவர்கள் கேட்டது மலிவான தேநீர் அன்று. என்ன வரி, யார் விதிப்பது, பணம் எங்கே செல்கிறது என்பதில் தங்களுக்கும் ஒரு குரல். நல்லது செய்தார்களே என்ற கேள்விக்கு அதுவே விடை. நல்லது எது என்பதையும் அவர்களே முடிவு செய்தார்கள் அல்லவா?

இருட்டத் தொடங்கியதால் இறங்கினோம். இரவு உணவுக்குப் பின் முற்றத்தில் பேச்சு மீண்டும் தொடர்ந்தது. இம்முறை நம் பகுதியின் கதை.

முதலில் ரயில். இந்தியாவில் இருப்புப்பாதை போட்ட கம்பெனிகளுக்கு இலண்டனில் முதல் போட்டவர்கள் உண்டு. அவர்களுக்கு ஆண்டுதோறும் ஐந்து விழுக்காடு வருவாய் உறுதி என்று அரசு ஒப்பந்தம் செய்தது. ரயிலில் இலாபம் வராத ஆண்டில் அந்த ஐந்து விழுக்காட்டை யார் கொடுத்தது? இங்கே நிலவரி கட்டிய உழவன். அவன் ரயிலைக் கண்ணால் பார்த்திருக்கவே மாட்டான். ரயில் வந்தது உண்மை. அதற்கு விலை கொடுத்தவர் நாம் என்பதும் அந்த விலையை நம்மைக் கேட்டுக் குறிக்கவில்லை என்பதும் உண்மை.

அடுத்து நிலவரி. இரயத்துவாரி முறையில் உழவன் நேரே அரசுக்குப் பணமாக வரி கட்ட வேண்டும். விளைந்தாலும் விளையாவிட்டாலும் தவணை வரும். கட்ட இயலாதவர்களைக் கீழ்நிலை வருவாய் ஊழியர்கள் என்ன செய்தனர் என்பதை 1855இல் வெளிவந்த சென்னை மாகாணச் சித்திரவதை விசாரணைக் குழுவின் அறிக்கை பதிவு செய்திருக்கிறது. அண்ணாந்தாள் என்பது ஆளை வளைத்துக் கட்டி வெயிலில் நிறுத்துவது. கிட்டி என்பது கோல்களுக்கிடையே விரல்களை வைத்து நெரிப்பது. இந்தப் பகுதியைக் குழந்தையிடம் முழுதும் சொல்லவில்லை. வாசகர்களுக்குச் சொல்கிறோம். இதைச் செய்த கைகள் நம்மவர் கைகளே. மேலே இருந்தவர் வரித்தொகையை மட்டும் பார்த்தார், அது வந்த வழியைப் பார்க்கவில்லை. அந்த விசாரணை தானாக வந்ததும் அன்று. 1852இல் கஜுலு இலட்சுமிநரசு செட்டியார் தொடங்கிய சென்னைச் சுதேசிச் சங்கம் பாராளுமன்றத்துக்கு விண்ணப்பம் எழுதியிருந்தது. தமிழ்நாட்டில் 'எங்களைக் கேளுங்கள்' என்று முறைப்படி எழுந்த தொடக்ககாலக் குரல்களில் அதுவும் ஒன்று. அவர்கள் விடுதலை கேட்கவில்லை. விண்ணப்பித்தார்கள், அவ்வளவே.

பிறகு உப்பு. மரக்காணத்து உப்பளங்களை அவள் பார்த்திருக்கிறாள். புதுச்சேரியிலிருந்து கடற்கரைச் சாலையில் வரும்போது இருபுறமும் வெள்ளைக் குவியல்களைக் காணலாம். இக்கரையில் உப்பு நேற்று வந்ததன்று. திண்டிவனத்தை அடுத்த கிடங்கிலில் இருந்து ஆண்ட நல்லியக்கோடனைப் பாடும் சிறுபாணாற்றுப்படையில் உப்பு வணிகரான உமணர் மாட்டுவண்டிகளோடு போகின்றனர். அந்நூல் கூறும் எயிற்பட்டினத்தை மரக்காணம் என்பர். அத்தனை காலம் கடல் தந்த உப்பை 1805இல் கம்பெனி தன் தனியுரிமை ஆக்கிக்கொண்டது. கடற்கரையில் படிந்து கிடக்கும் உப்பை அள்ளுபவன் குற்றவாளி ஆனான். செல்வனும் ஏழையும் உண்ணும் உப்பின் அளவு ஏறத்தாழ ஒன்றுதான். ஆகவே அவ்வரி ஏழையின் மீதே அதிகம் அழுந்தியது.

பிறகு பஞ்சம். 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தில் பல இலட்சக்கணக்கானோர் மாண்டனர். 1877இல் நிவாரணப் பணியில் மண் சுமந்த ஆணுக்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டு தானியமும் ஓர் அணாவும் போதும் என்று ரிச்சர்டு டெம்பிள் குறைத்து வகுத்தார். ஒரு பவுண்டு என்பது அரைக் கிலோவுக்கும் குறைவு. அதே ஆண்டுகளில் தானிய ஏற்றுமதி நிற்கவில்லை. மரக்காணத்தில் வந்து முடியும் பக்கிங்காம் கால்வாயைப் பற்றியும் அவளுக்குச் சொன்னோம். சென்னைக்குள் அடையாற்றையும் கூவத்தையும் இணைக்கும் பகுதியை வெட்டியது அந்தப் பஞ்சத்தில் கூலிக்கு வந்தவர்களே. நல்ல கால்வாய்தான். வெட்டியவர்களின் வயிற்றைப் பற்றிய முடிவை எடுத்தவர் எவரும் அவர்களுக்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டவர் அல்லர்.

இவற்றையெல்லாம் அனுபவித்த மக்கள் உடனே வெளியேறு என்று கூறிவிடவில்லை. இந்த வரிசையைக் குழந்தைகளுக்குச் சொல்ல வேண்டும் என்று எண்ணுகிறோம். பாடநூல்களில் இது எளிதில் மறைந்துபோகிறது. முதலில் விண்ணப்பம். 1885இல் பம்பாயில் கூடிய முதல் காங்கிரசில் முதல் தீர்மானத்தை முன்மொழிந்தவர் நம் ஜி. சுப்பிரமணிய ஐயர். இந்திய நிருவாகத்தை விசாரிக்க ஒரு குழு வேண்டும் என்பதே அது. 1906இல் கல்கத்தாவில் தாதாபாய் நவுரோஜி சுயராஜ்யம் என்ற சொல்லை அவையில் உரைத்தார். அதே ஆண்டு வ.உ.சி. சுதேசிக் கப்பல் கம்பெனியைத் தொடங்கினார். கடலில் சொந்தக் கப்பல் விட்டு அரசியலும் பேசியவருக்கு 1908இல் கிடைத்தது இரட்டை ஆயுள் தண்டனை. 1919ஆம் ஆண்டுச் சட்டம் சில துறைகளை மட்டும் இந்திய அமைச்சர்களிடம் தந்தது. பணமும் காவலும் ஆங்கிலேயரிடமே இருந்தன. வாக்குரிமை சொத்துள்ள சிறுபான்மையினருக்கு மட்டும். கேட்டதைக் கொடுக்க மறுக்க மறுக்க, கேட்பது பெரிதாகிக்கொண்டே சென்றது. 1929 டிசம்பரில் இலாகூரில் முழு விடுதலையே வேண்டும் என்று தீர்மானம் நிறைவேறியது.

மறு ஆண்டு ஏப்ரல் 13ஆம் நாள் இராஜாஜி திருச்சியிலிருந்து ஏறத்தாழ நூறு தொண்டர்களோடு வேதாரணியத்துக்கு நடந்தார். அவர்கள் அள்ளிய உப்பு பிடியளவே. அதை அள்ள எங்களுக்கு யாருடைய அனுமதியும் வேண்டா என்பது அதன் பொருள்.

கடலூர் அஞ்சலையம்மாளைப் பற்றிச் சொன்னபோது குழந்தை நிமிர்ந்து உட்கார்ந்தாள். 1927இல் சென்னையில் கர்னல் நீல் சிலையை அகற்றக் கோரி நடந்த சத்தியாக்கிரகத்தில் அவர் கலந்துகொண்டார். அவருடைய ஒன்பது வயது மகள் அம்மாக்கண்ணுவும் உடன் சென்றாள். காந்தியடிகள் அச்சிறுமிக்கு லீலாவதி என்று பெயரிட்டு வார்தாவுக்கு அழைத்துச் சென்றார். "ஒன்பது வயசா? என் வயசா?" என்று இருமுறை கேட்டாள்.

1947 ஆகஸ்டு 15 அன்று சென்னை மாகாணத்தின் முதல்வராக இருந்தவர் திண்டிவனம் வட்டத்து ஓமந்தூரில் பிறந்த இராமசாமி ரெட்டியார் என்பதையும் சொன்னோம். நம் பக்கத்து உழவர். பாண்டிச்சேரிக்கு இன்னும் ஏழாண்டுகள் பிடித்தன. 1954 அக்டோபர் 18 அன்று கீழூரில் மக்கள் பேராளர்கள் 178 பேர் கூடி வாக்களித்தனர். 170 பேர் இந்தியாவோடு இணைய விரும்பினர், எட்டுப் பேர் மறுத்தனர். நவம்பர் 1 அன்று ஆட்சி கைமாறியது. விழுப்புரத்திலிருந்து நெடுந்தொலைவு இல்லை கீழூர். "அங்க மட்டும் கேட்டாங்க" என்றாள். ஆம், அங்கே கேட்டனர்.

அதோடு அவள் உறங்கச் சென்றிருந்தால் இக்கட்டுரையை எழுதியிருக்க மாட்டோம்.

அவளுடைய பேச்சை ஒதுக்கிவிட்டு நாங்கள் வந்த வேலையைப் பேசத் தொடங்கினோம். தந்தையார் நினைவாகக் காலனியில் ஒரு குடிநீர்த் தொட்டி கட்டித் தருவது என்று தொலைபேசியிலேயே மூவரும் ஒருவாறு முடிவு செய்திருந்தோம். எங்கள் நிலத்தில் இரண்டு தலைமுறையாக உழைத்தவர்கள் அங்கிருப்பவர்கள். அவர்களுக்குச் செய்வதே முறை என்று நினைத்தோம். தொட்டி எங்கே அமைய வேண்டும், எத்தனை லிட்டர், கல்வெட்டில் என்ன எழுதுவது என்பதெல்லாம் பேசினோம். கல்வெட்டு வாசகத்தை ஆக்கித் தரும் பொறுப்பு வழக்கம்போல் தமிழ் படித்தவர் தலையில் விழுந்தது. நாங்கள் அதில் முனைந்திருந்தபோது பாயில் படுத்திருந்தவள் கண்ணைத் திறவாமலே கேட்டாள்.

"அவங்களைக் கேட்டீங்களா?"

யாரும் விடை சொல்லவில்லை. அவள் எங்களைக் குத்திக்காட்டவில்லை. அன்று முழுவதும் நாங்களே கற்றுக்கொடுத்த கேள்வியை எங்களிடமே கேட்டாள்.

அந்த மௌனத்தில் எங்களுக்குப் பாட்டனார் நினைவு வந்தது. நாங்கள் சிறுவராயிருந்தபோது ஓர் அறுவடை நாளில் களத்தில் நடந்தது. உழைத்தவர்களில் ஒருவர் துண்டைக் கையில் பிடித்துக்கொண்டு, கூலி நெல்லை அளக்குமுன் எங்களையும் ஒரு வார்த்தை கேட்டு அளந்தால் நன்றாயிருக்கும் என்றார். கூடுதலாக வேண்டும் என்றுகூட அவர் சொல்லவில்லை. பாட்டனார் கோபப்படவில்லை. "உங்களுக்கு நாங்க என்னப்பா கொறை வெச்சோம்? நல்லது கெட்டதுக்குக் குடுக்கலையா, காய்ச்சல்னா பாக்கலையா?" என்று வருத்தத்தோடு கேட்டார். அன்று அவ்வருத்தம் எங்களுக்கு நியாயமாகப் பட்டது. பாட்டனார் இரக்கமுள்ளவர் என்பதில் இன்றும் ஐயமில்லை. ஆனால் காலையில் குழந்தை ரயிலையும் சாலையையும் சொல்லிக் கேட்டதும் பாட்டனார் களத்தில் கேட்டதும் ஒரே கேள்வி. வெள்ளையர் கேட்டால் அது ஆணவம் என்று வகுப்பில் நடத்துகிறோம். நம் வீட்டுப் பெரியவர் கேட்டால் அது பெருந்தன்மை ஆகிவிடுகிறது.

விடுதலை கேட்டவர்கள் அனைவருக்கும் இந்தக் குறை இருந்திருக்கிறது. கேளாமல் வரி விதிக்கலாகாது என்ற அமெரிக்கர்கள் தங்கள் வயலில் உழைத்த அடிமைகளைக் கேட்கவில்லை. அடிமைமுறை அங்கே ஒழிய 1865 வரை ஆயிற்று. அந்த மண்ணுக்கு முன்னமே உரியவரான பழங்குடிகளையும் கேட்கவில்லை. நாம் பெருமையோடு எடுத்துக்காட்டும் உத்தரமேரூர்க் குடவோலை முறையிலும், வரி செலுத்தும் நிலமும் சொந்த மனையும் கல்வித் தகுதியும் உடையவர் பெயரே குடத்துக்குள் போயிற்று. ஓமந்தூரார் ஆட்சியில் 1947இல்தான் மாகாணம் முழுமைக்குமான ஆலயநுழைவுச் சட்டம் வந்தது. இங்கே எல்லாருக்கும் வாக்கு என்பது 1951-52 பொதுத்தேர்தலில்தான் நடைமுறையானது.

மறுநாள் காலை நாங்கள் அத்தெருவுக்குச் சென்றோம். எத்தனை ஆண்டு இடைவெளிக்குப் பிறகு என்று எண்ணிப் பார்த்தபோது கணக்கு வரவில்லை. துக்கத்துக்கும் தேர்தலுக்கும் தவிர அங்கு சென்றதாக நினைவில்லை. எங்களிடம் தமிழ் இலக்கியம் படித்த மாணவி ஒருவரின் வீடு அங்கிருந்தது. நாற்காலிகளை எடுத்துப் போட்டு, "உக்காருங்க ஐயா" என்றார். அக்கம்பக்கத்தார் சிலரும் வந்தனர். வந்த காரியத்தைச் சொன்னோம். சொல்லும்போதே நாங்கள் காலனி, காலனி என்று பலமுறை கூறியிருக்க வேண்டும்.

அம்மாணவி பொறுத்திருந்து பேசினார். "ஐயா, எங்க தெருவுக்குப் பேர் இருக்குதுங்க." பெயரையும் சொன்னார். 2025 ஏப்ரல் இறுதியில் அரசு ஆவணங்களிலிருந்து காலனி என்ற சொல் நீக்கப்படும் என்று சட்டமன்றத்தில் முதலமைச்சர் அறிவித்ததை நாங்கள் நாளிதழில் படித்திருந்தோம். நல்ல முடிவு என்று வீட்டில் பாராட்டியும் பேசினோம். எங்கள் நாவிலிருந்து அச்சொல் நீங்கவில்லை என்பதை அன்றுதான் அறிந்தோம்.

தொட்டி வேண்டா என்றனர். தண்ணீர் குழாயில் வருகிறதாம். மாலையில் பிள்ளைகள் கூடிப் படிக்க ஓர் இடம் இருக்கிறது, அதன் கூரை ஒழுகுகிறது, செய்வதானால் அதைச் செய்யுங்கள் என்று வயதான ஒருவர் கூறினார். பின்னால் நின்ற இளைஞர் ஒருவர் தயங்கி, "கல்வெட்டு மட்டும் வேணாங்க" என்றார். யாரும் அவரை அதட்டவில்லை. எங்களுக்குத் தேநீர் வந்தது. குடித்தோம்.

திரும்பி வரும் வழியில் தம்பிக்கு மனம் ஆறவில்லை. அப்பாவின் பெயரைப் போடாமல் அப்பா நினைவாகச் செய்வது எப்படி என்று கேட்டார். தங்கையும் ஏறத்தாழ அவர் பக்கம்தான். அவர்கள் கேட்பதிலும் பொருள் இருக்கிறது. எங்கள் மனமும் முழுமையாக ஒப்பவில்லை என்பதை மறைக்க விரும்பவில்லை. கொடுப்பவர் தம் பெயரை எழுதாமல் கொடுப்பது எங்கள் குடும்பத்துக்குப் பழக்கமில்லாதது. இதை எழுதும் வரை அந்தப் பேச்சு முடியவில்லை. கூரைக்கு ஓடு பார்க்க ஆள் சொல்லியிருக்கிறோம், அவ்வளவே.

குழந்தையின் உரையை நாங்கள் எழுதித் தரவில்லை. அவளே எழுதிக்கொண்டாள். விடுதலை நாளன்று தம்பி தொலைபேசியில் கூறினார். குண்டு விழுந்த கதையைச் சொன்னாளாம். கடலில் தேயிலை கொட்டிய கதையையும் அம்மாக்கண்ணுவின் கதையையும் சொன்னாளாம். மூன்று நிமிடத்தைத் தாண்டிவிட்டதால் ஆசிரியை மணி அடித்திருக்கிறார். முடிக்குமுன் ஒரே ஒரு வரி சொல்லிக்கொள்ளட்டுமா என்று கேட்டு, அனுமதி கிடைத்த பின், எதைச் செய்தாலும் முதலில் கேட்க வேண்டும் என்று கூறிவிட்டு இறங்கினாளாம்.

பாடநூலில் காலனி என்று அச்சிட்ட இடத்தில் அவள் பென்சிலால் ஏதோ எழுதிவைத்திருப்பதாகவும் தம்பி சொன்னார். என்ன எழுதினாள் என்று கேட்டோம். "அதைக் கேட்டா காட்ட மாட்டேங்கிறா அண்ணா" என்றார்.